குறை சொல்ல ஒன்றுமில்லாத ஒருவரை மணக்கத் தயங்கியபோது

"அவரிடம் என்ன குறை?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாமல் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குடிக்கிறார், கை நீட்டுகிறார், பொய் சொல்கிறார், பணத்தை அழிக்கிறார் என்றால் யாரிடமும் சொல்லிவிடலாம். கேட்பவர்களும் நம் பக்கம் நிற்பார்கள். நல்ல மனிதர், பொறுப்பானவர், மதிப்பாக நடத்துகிறார், கூட இருந்தால் நிம்மதியாக இருக்கிறது, ஆனால் மனம் அவரை நினைத்துத் துள்ளவில்லை, உடம்பு அவரைத் தேடவில்லை என்பதை எப்படிச் சொல்வது? சொன்னால், "இதெல்லாம் ஒரு காரணமா?" என்பார்கள். பல நாள் நமக்கே அப்படித்தான் தோன்றும்.

அப்படி ஒருவருடன் எனக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. அது நடக்கவில்லை. இருவரும் பேசி, சேர்ந்தே நிறுத்தினோம். அதே காலத்தில் என் நெருங்கிய தோழி ஒருத்தி கிட்டத்தட்ட இதே சந்தேகத்தில் உழன்றுகொண்டிருந்தாள். அவள் மணந்துகொண்டாள், நன்றாக இருக்கிறாள். இரண்டு முடிவுமே சரியானவை என்று இன்றும் நினைக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் இருவருக்கும் ஒரே பிரச்சினை. உள்ளே போய்ப் பார்த்தபோது காரணம் வெவ்வேறாக இருந்தது.

எங்கள் உறவில் சண்டை என்று அநேகமாக இருந்ததே இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துச் சீட்டை ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வேளை தவறாமல் நினைவுபடுத்துவார். வேலையில் ஏதாவது பிரச்சினை என்றால் முதலில் அவரிடம்தான் சொல்வேன். அவர் எதிரில் அழலாம், தலை வாராமல் உட்காரலாம், மணிக்கணக்கில் ஒன்றும் பேசாமல் இருக்கலாம். அந்த அளவு பாதுகாப்பு எனக்கு வேறு யாரிடமும் கிடைத்ததில்லை. இதை நான் லேசாக எண்ணவில்லை. இன்றும் எண்ணுவதில்லை.

ஒருமுறை வேலை விஷயமாக நீண்ட நாள் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பினார். வாசலில் பையை வைத்துவிட்டு என்னை அணைத்துக்கொண்டார். அவர் கை என் முதுகில் மெதுவாகத் தட்டிக்கொடுத்தது. என் கையும் அவர் முதுகில் அதையேதான் செய்துகொண்டிருந்தது. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் அப்படித் தட்டிக்கொடுப்போமே, அதுபோல. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் விலகினோம். அவர் குளிக்கப் போனார், நான் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டே பையைப் பிரித்தேன். அவர் வந்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் அவர் இல்லாத அத்தனை நாளில் ஒருமுறைகூட அவரைத் தொட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.

அதன்பிறகு என்னைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒன்றாகத் தங்கும் நாட்களில் அவர் தூங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் போய்ப் படுப்பேன். அவர் முத்தமிட வந்தால் என் முகம் தானாகத் திரும்பி கன்னத்தைக் காட்டும். கல்யாணத்துக்கு அப்புறம் எங்கே போகலாம் என்ற பேச்சு வந்தால், நண்பர்களையும் அழைத்துக்கொள்ளலாமா என்று கேட்பேன். வீடு பார்ப்பது, சாமான் வாங்குவது, யார் யாரைக் கூப்பிடுவது என்று பட்டியல் போடுவது எல்லாமே பிடித்திருந்தது. இனி ஆயுள் முழுக்க ஒரே அறை, ஒரே கட்டில் என்ற நினைப்பு வரும்போது மட்டும் வேறு வேலைக்குத் தாவிவிடுவேன்.

வெளியே சொன்னபோது வந்த பதில்கள் இரண்டே வகை. பெரியவர்கள், "ஆசை எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான், கடைசிவரை நிற்பது குணம்தான்" என்றார்கள். என் வயதுக்காரர்கள், "ஸ்பார்க் இல்லையென்றால் விட்டுவிடு, வாழ்க்கை ஒன்றுதான்" என்றார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு ஒரு ஆயுளை முடிவு செய்ய முடியாது.

முதலில் இரண்டாவது வகை பதிலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதை நம்பி ஓடிவிட எனக்கு ரொம்பவே ஆசையாக இருந்தது. இவருக்கு முன் எனக்கு இன்னொரு உறவு இருந்தது. அவனிடமிருந்து மெசேஜ் வருமா வராதா என்று தெரியாது. வந்தால் அந்த நாள் முழுக்க மிதப்பேன், வராவிட்டால் சாப்பாடு இறங்காது. அதைத்தான் காதலின் அளவுகோலாக மனதில் வைத்திருந்தேன். 1974-இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவில் செய்த ஒரு ஆய்வைப் பிற்பாடு படித்தேன். ஆழமான பள்ளத்தாக்கின்மேல் ஆடும் கபிலானோ தொங்குபாலத்தைக் கடந்த ஆண்களை ஒரு பெண் பேட்டி எடுத்து, தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்தாள். தாழ்வான, ஆடாத பாலத்தைக் கடந்தவர்களிடமும் அதையே செய்தாள். தொங்குபாலத்தில் வந்தவர்களில்தான் பிறகு அவளை அழைத்தவர்கள் அதிகம். பயத்தில் அடித்துக்கொண்ட நெஞ்சை அவர்கள் ஈர்ப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத ஒன்றை மனம் விடாமல் பற்றிக்கொள்ளும் என்பதும் உளவியலில் நன்கு தெரிந்த விஷயம்தான்.

ஆக, எனக்குக் குறைவது காதலா, அல்லது பழைய பதற்றமா என்று பார்க்க வேண்டியிருந்தது. நிம்மதியான ஒருவரோடு இருக்கும்போது பதற்றத்துக்குப் பழகிய உடம்புக்கு அது சலிப்பாகத் தெரியலாம். முன்பு உங்களை அலைக்கழித்த ஒருவர் இருந்தார் என்றால், இப்போதைய அமைதியைக் குறை என்று தீர்மானிப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். நான் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். பழைய ஆளைக் கணக்கிலேயே சேர்க்காமல், என்னை அலைக்கழிக்காத, அன்பாக நடந்துகொண்ட, ஆனால் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போன மனிதர்கள் யாராவது வாழ்க்கையில் உண்டா என்று யோசித்தேன். உண்டு. கல்லூரிக் காலத்தில் ஒருவர். அவர் அருகில் உட்கார்ந்தால் தோள் படுமா என்று மனம் காத்திருக்கும், ஆனால் பயம் துளியும் இருக்காது. பதற்றம் இல்லாமலும் எனக்கு ஈர்ப்பு வரும் என்று அதில் தெரிந்தது. எனவே என் சந்தேகத்தைப் பழைய காயத்தின் தலையில் மட்டும் போட்டுவிட முடியவில்லை.

இனி பெரியவர்கள் சொன்னது. டோரத்தி டென்னவ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-இல் காதல் மயக்கத்தைப் பற்றி விரிவாக எழுதியபோது, அந்தத் தலைகால் புரியாத நிலை பொதுவாக 18 மாதம் முதல் 3 வருடம்வரை நீடிக்கும் என்று கணித்தார். அந்த அளவில் பெரியவர்கள் சொல்வது சரி. ஆனால் எல்லோருக்கும் அது முழுசாக அணைந்துபோகிறது என்பது சரியல்ல. பியான்கா அசெவெடோவும் ஆர்தர் ஆரனும் வேறு சிலரும் சேர்ந்து, சராசரியாக 21 வருடம் மணவாழ்க்கை நடத்தி இன்னும் துணைமேல் தீவிரக் காதல் இருப்பதாகச் சொன்ன 17 பேரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். துணையின் முகத்தைக் காட்டியபோது, புதிதாகக் காதலில் விழுந்தவர்களுக்குச் செயல்படும் அதே டோபமின் பகுதி, அதாவது இன்பத்தோடும் நாட்டத்தோடும் தொடர்புடைய மூளைப் பகுதி, அவர்களுக்கும் செயல்பட்டது. 17 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். அப்படிப்பட்டவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதற்கு அது போதும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. ஆசை அடங்கிப்போகும் என்றால், அடங்குவதற்கு முதலில் அது இருந்திருக்க வேண்டுமே. என் அக்காவும் மாமாவும் கல்யாணமாகிப் பல வருடம் ஆனவர்கள். இப்போது அவர்கள் பேச்சில் பாதி பிள்ளைகளின் பள்ளி, மீதி வீட்டுக் கடன். ஆனாலும் பழைய கதை ஏதாவது வந்தால் அக்கா முகம் மாறும், மாமா பார்வையைத் தாழ்த்திக்கொண்டு சிரிப்பார். அவர்களுக்குத் திரும்பிப் போய்த் தொட ஓர் இடம் இருக்கிறது. எங்களுக்கு ஆரம்பத்திலேயே அப்படி ஓர் இடம் இல்லை. நண்பர்களாக இருந்தோம், பழகப் பழக நெருங்கினோம், எல்லோரும் "நீங்கள் ஏன் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது?" என்று கேட்டார்கள், எங்களுக்கும் நியாயமாகத் தோன்றியது.

அதற்காக எங்களுக்குள் இருந்தது காதலே இல்லை என்று சொல்ல மாட்டேன். ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் 1986-இல் காதலை நெருக்கம், வேட்கை, உறுதி என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தார். நெருக்கமும் உறுதியும் இருந்து வேட்கை இல்லாததைத் தோழமைக் காதல் என்றார். அதுவும் காதல்தான். இதைப் படித்த பிறகு எனக்கு என்மேல் இருந்த கோபம் குறைந்தது. நான் நன்றி கெட்டவளும் இல்லை, பொய்யாகப் பழகியவளும் இல்லை. மூன்றில் ஒன்று எங்களிடம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்று ஏன் இல்லை என்று தெரியாமல் முடிவெடுக்கக் கூடாது.

என் தோழியின் கதை இங்கேதான் வருகிறது. அவளுக்கும் வருங்காலக் கணவரிடம் ஆசை போய்விட்டிருந்தது. "நல்லவர்டி, ஆனால் மரத்துப்போன மாதிரி இருக்கு" என்பாள். நான் கேட்ட முதல் கேள்வி, எப்போதிலிருந்து என்று. ஆரம்பத்தில் அவரைப் பார்க்க ஓடியிருக்கிறாள், இரவெல்லாம் பேசியிருக்கிறாள். நடுவில் மனச்சோர்வுக்கு மருந்து எடுக்க ஆரம்பித்திருந்தாள். மனச்சோர்வுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் பாலியல் ஆசையைக் குறைக்கலாம் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகவே தெரிந்த பக்கவிளைவு. மனச்சோர்வே ஆசையைக் குறைக்கும் என்பதும் தெரிந்ததுதான். அவள் அதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறாள். சொன்ன பிறகு அவர் மருந்தை மாற்றிப் பார்த்தார். உடனே எதுவும் நடந்துவிடவில்லை. மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. இதைப் படிக்கும் யாராவது இதே நிலையில் இருந்தால் ஒன்று சொல்கிறேன்: மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வேறு தொந்தரவுகள் வரும். மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், அவர்கள் இதைத் தினமும் கேட்கிறவர்கள். தைராய்டு, ஹார்மோன் மாற்றம், தொடர்ந்த தூக்கமின்மை, வேலை நெருக்கடி, உறவின்போது வலி, சிறு வயதில் நடந்த அத்துமீறல் என்று ஆசையை அடைத்துவைக்கும் காரணங்கள் நிறைய. இவற்றில் எதுவும் துணையின் குறையும் அல்ல, பொருத்தமின்மையும் அல்ல.

இதைப் பிரித்துப் பார்க்க உதவிய கேள்வி ஒன்றுதான்: ஆசையே இல்லையா, இவர்மேல் மட்டும் இல்லையா? தோழிக்கு யார்மேலும் எதுவும் தோன்றவில்லை. எனக்கு அப்படி இல்லை. ரயிலில் எதிரில் உட்கார்ந்த முகம் தெரியாத ஒருவரின் கையைப் பார்த்து மனம் ஒரு கணம் தடுமாறியது உண்டு. அதை ஒத்துக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. வேறு யாரையாவது பார்த்து ஈர்ப்பு வருவது மணமானவர்களுக்கும் நடக்கும், அதில் தப்பில்லை. ஆனால் முன்பின் தெரியாதவரிடம் ஒரு கணம் வந்தது, ஆயுள் முழுக்கக் கூட இருக்கப் போகிறவரிடம் ஒருமுறைகூட வரவில்லை என்றால் அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆசை எல்லோருக்கும் தானாகப் பொங்கி வருவதில்லை. கனடாவைச் சேர்ந்த மருத்துவர் ரோஸ்மேரி பேசன் 2000-இல் எழுதியது இது. பலருக்கு, குறிப்பாக நீண்ட நாள் உறவில் இருக்கும் பெண்களுக்கு, ஆசை முதலில் வராது. நெருக்கமும் தொடுதலும் முதலில் வரும், அதைத் தொடர்ந்து ஆசை பின்னால் வரும். நினைத்தாலே பற்றிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தால் இவர்கள் எல்லாம் தங்களுக்கு ஏதோ குறை என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆகவே, "அவரை நினைத்தால் ஒன்றும் தோன்றவில்லை" என்பது மட்டும் போதாது. அவர் அருகில், அவசரம் இல்லாமல், நல்ல மனநிலையில் இருக்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். உடம்பு மெல்ல இளகுகிறதா, அல்லது எப்போது முடியும் என்று காத்திருக்கிறதா?

சந்தேகமே நோயாக இருப்பதும் உண்டு. இஸ்ரேலில் கை டோரன் போன்றவர்கள் ஆராய்ந்திருக்கும் ஒரு வகை ஓசிடி (வேண்டாத எண்ணம் விடாமல் திரும்பத் திரும்ப வரும் மனநோய்), உறவைச் சுற்றியே வரும். இவர் சரியான ஆளா, நான் உண்மையாகக் காதலிக்கிறேனா என்ற எண்ணம் நாள் முழுக்க வரும். நண்பர்களிடம் கேட்டு, இணையத்தில் தேடி, மற்ற ஜோடிகளோடு ஒப்பிட்டு, உள்ளே காதல் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்ப்பார்கள். பதில் கிடைத்தால் கொஞ்ச நேரம் நிம்மதி, அப்புறம் மறுபடியும் அதே கேள்வி. முந்தைய உறவிலும் இதே கதை நடந்திருந்தால், கை கழுவுவது, பூட்டைச் சரிபார்ப்பது போல வேறு எதிலும் இந்தச் சுழற்சி இருந்தால், துணையை மாற்றுவதற்கு முன் ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். ஆள் மாறினாலும் இந்தச் சந்தேகம் கூடவே வரும், சிகிச்சையால் குறையும். என் சந்தேகம் அப்படி என்னைத் துரத்தவில்லை. அமைதியாக, ஒரே வாக்கியமாக, மாறாமல் இருந்தது.

கல்யாணத்துக்கு முன் சந்தேகம் வருவது சகஜம்தானே என்று கேட்கலாம். சகஜம்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வாளர்கள் 232 புதுமணத் தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு பங்கு ஜோடிகளில் ஒருவருக்காவது கல்யாணத்துக்கு முன் தயக்கம் இருந்திருக்கிறது. ஆண்களில் 47 சதவீதம், பெண்களில் 38 சதவீதம். ஆனால் தயக்கம் இருந்த பெண்களில் 19 சதவீதம் பேர் 4 வருடத்துக்குள் விவாகரத்து ஆகியிருந்தார்கள். தயக்கம் இல்லாத பெண்களில் அது 8 சதவீதம். ஆண்களில் தயங்கியவர்களில் 14 சதவீதம், தயங்காதவர்களில் 9 சதவீதம். இந்த எண்களைப் பார்த்து ஒரே இரவில் பயப்பட வேண்டாம், தயங்கியவர்களிலும் பெரும்பாலானோர் அந்த 4 வருடத்தில் பிரியவில்லை. ஆனால் "எல்லோருக்கும் வரும், போய்விடும்" என்று சொல்லி மூடி வைக்கவும் இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை. எடுத்துப் பேச வேண்டிய விஷயம் இது.

யாரிடம் பேசுவது? நான் அம்மாவிடம் பேசினேன், தோழியிடம் பேசினேன், ஆலோசகர் ஒருவரிடம் பேசினேன். யாருடைய வாழ்க்கை இதில் பாதியோ அவரிடம் கடைசியாகத்தான் பேசினேன். அவரை நோகடிக்கக் கூடாது என்று நினைத்தேன். இப்போது கேட்பவர்களிடம் சீக்கிரமே அவரிடம் பேசச் சொல்கிறேன். ஊரெல்லாம் தெரிந்து கடைசியில் தனக்குத் தெரிந்தால் வரும் வலி, விஷயத்தின் வலியைவிடப் பெரியது.

எப்படிப் பேசுவது என்று ஆலோசகர் சொன்னது உதவியது. "உங்கள்மேல் எனக்கு ஈர்ப்பு இல்லை" என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தன் முகம், உடம்பு, வயது என்று ஒவ்வொன்றாகத் தன்னையே கீறிப் பார்த்துக்கொள்வார். நமக்கு நடப்பதைச் சொல்ல வேண்டும், அவரை எடை போடக் கூடாது. இரவில் படுக்கப் போகும் நேரத்திலோ, நெருக்கமாக இருந்துவிட்ட பிறகோ இதை எடுக்கக் கூடாது. நாங்கள் ஒரு விடுமுறை நாள் காலையில் நடந்துகொண்டே பேசினோம். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அது இருவருக்கும் எளிதாக இருந்தது. "நம்மிடையே ஒன்று இல்லாத மாதிரி எனக்கு இருக்கு. உங்களை இழக்க எனக்குப் பயமாகவும் இருக்கு. நீங்க என்ன உணர்றீங்கன்னு தெரிஞ்சுக்கணும்" என்றேன்.

அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நீ ராத்திரி நான் தூங்கற வரைக்கும் வெளியே உக்காந்திருப்ப. எனக்குத் தெரியும்" என்றார். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வாராம், நான் சங்கடப்படாமல் உள்ளே வரட்டும் என்று. அவருக்கும் பெரிதாக ஆசை எழவில்லை, தனக்கு அது இயல்பு என்று நினைத்திருந்தார். ஆனால் தன்னை ஒருவர் ஆசையோடு பார்ப்பது எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருந்திருக்கிறது. அதைச் சொன்னபோது அவர் குரல் கம்மியது.

அதுவரை இந்தப் பிரச்சினையில் நான் என்னை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இது போதுமா, என்னால் இப்படி வாழ முடியுமா என்று. அவருக்கும் விரும்பப்படும் உரிமை இருக்கிறது. நான் தியாகம் செய்து மணந்துகொண்டால் அதன் விலையில் பாதியை அவர்தான் ஆயுள் முழுக்கக் கொடுப்பார், அதுவும் அவருக்குத் தெரியாமலே. "நல்லவர், அதனால் அவரை விடக் கூடாது" என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்திலிருந்தும் ஒருமுறை பாருங்கள். நல்லவர் என்பதால்தான் அவருக்கு உண்மை தெரிய வேண்டும்.

உடனே பிரிந்துவிடவில்லை. தேதியைத் தள்ளிவைத்தோம். வீட்டில் வேலை நெருக்கடி என்று மட்டும் சொன்னோம், அது பொய்யும் இல்லை. சில மாதம் இருவரும் முழு மனதோடு முயற்சி செய்து பார்ப்பது என்று பேசிக்கொண்டோம். கெடு இல்லாத முயற்சி இழுத்துக்கொண்டே போகும் என்பதால் முடிவு பேச ஒரு நாளையும் குறித்துக்கொண்டோம். இதை எல்லோருக்கும் சொல்வேன்.

என்ன செய்தோம்? ஆர்தர் ஆரனும் அவர் குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், புதிதான, கொஞ்சம் கிளர்ச்சி தரும் விஷயங்களைச் சேர்ந்து செய்யும் ஜோடிகளுக்கு உறவில் திருப்தி கூடியதைக் காட்டியிருந்தார்கள். வழக்கமான படம், வழக்கமான கடை, வழக்கமான நடை என்பதை விட்டு, இருவருக்குமே தெரியாதவற்றைத் தேடினோம். நீச்சல் கற்றுக்கொண்டோம். தெரியாத ஊர்களில் வழி கேட்டு அலைந்தோம். ஆலோசகர், மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரண்டு பாலியல் ஆய்வாளர்கள் 1970 வாக்கில் அறிமுகப்படுத்திய தொடு பயிற்சியையும் சொல்லிக் கொடுத்தார். எந்த முடிவையும் எதிர்பார்க்காமல், அடுத்த கட்டத்துக்குப் போக மாட்டோம் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டு, கையையோ முதுகையோ மெதுவாகத் தொடுவது, தொடும்போது என்ன உணர்கிறோம் என்று கவனிப்பது. எதிர்பார்ப்பு இல்லை என்று தெரிந்தாலே உடம்பின் பயம் பாதி போய்விடும். பல ஜோடிகளுக்கு இது கதவைத் திறக்கிறது. தோழிக்கும் அவள் கணவருக்கும் திறந்தது.

எங்களுக்கும் சிலது மாறியது. முகத்தைத் திருப்பிக்கொள்வது நின்றது. தொடுதல் இதமாக இருந்தது. முன்பைவிட அதிகமாகச் சிரித்தோம், வெளிப்படையாகப் பேசினோம். எங்கள் தோழமை அந்த மாதங்களில் இருந்த அளவு ஆழமாக அதற்கு முன் இருந்ததில்லை. ஆசை மட்டும் வரவில்லை. தம்பி தலையைக் கோதிவிடும்போது வரும் பாசம்தான் அங்கேயும் வந்தது. அவரும் அதையேதான் சொன்னார்.

குறித்த நாள் நெருங்கியபோது ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்த்தேன். அவர் என்னிடம் வந்து, "எனக்கு ஒருத்தியைப் பிடித்திருக்கிறது, அவளுக்கும் என்னைப் பிடித்திருக்கிறது" என்று சொல்வதாக. நெஞ்சு பதறும் என்று எதிர்பார்த்தேன். முதலில் வந்தது சந்தோஷம். அடுத்து வந்தது, எனக்கு உடம்பு சரியில்லை என்றால் இனி யார் வருவார்கள் என்ற பயம். அவரை இழப்பதைவிட ஆள் துணையை இழப்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. இதே கற்பனையைத் தோழியிடம் சொன்னபோது அவள் பாதியிலேயே, "போதும்டி, நிறுத்து" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. மருந்து மாற்றுவதற்கு முன்பே அப்படி.

இன்னும் ஒரு கேள்வி உதவியது. கல்யாணம் நின்றுவிட்டது, யாருக்கும் வருத்தமில்லை, பணம் நஷ்டமில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டால் மனதில் எது முதலில் எழுகிறது? எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. அது ஒரு நாள் மட்டும் இருந்தால் களைப்பாகக்கூட இருக்கலாம். வெவ்வேறு நாட்களில், நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலும், அவரோடு சந்தோஷமாக இருந்த நாளிலும் கேட்டுப் பார்த்தேன். பதில் மாறவில்லை.

வேட்கை இல்லாத கல்யாணமே தப்பு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாலியல் ஈர்ப்பே தோன்றாதவர்கள் இருக்கிறார்கள், அது ஒரு இயல்பு. ஒரு வயதுக்குப் பிறகு துணைதான் வேண்டும், மற்றது முக்கியமில்லை என்று தெளிவாகத் தேர்ந்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள். இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லி, குழந்தை வேண்டுமா, தொடுதல் எந்த அளவு, பிற்காலத்தில் ஒருவருக்கு மனம் மாறினால் என்ன செய்வது என்பதுவரை பேசி, இருவருக்கும் அது நிறைவாக இருந்தால் அதில் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஒருவர் தெரிந்து சம்மதித்து, மற்றவர் "போகப் போகச் சரியாகும்" என்று காத்திருப்பதுதான் ஆபத்து. எங்கள் விஷயத்தில் இருவருக்குமே வேட்கை வேண்டியிருந்தது. இருவரிடமும் அது ஒருவர்மேல் ஒருவருக்கு இல்லை.

நிறுத்தும்போது சில நடைமுறை விஷயங்கள். இரண்டு வீட்டுக்கும் இருவரும் சேர்ந்து போய்ச் சொன்னோம். என்ன காரணம் சொல்வது என்று முன்பே பேசி, ஒரே வாக்கியத்தை இருவரும் சொன்னோம்: "நாங்கள் நல்ல நண்பர்கள், கணவன் மனைவியாக எங்களால் முடியாது என்று இருவருமே முடிவு செய்தோம்." அதற்கு மேல் விவரம் கேட்டவர்களிடமும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னோம். படுக்கையறை விஷயத்தை யாரிடமும் இழுக்கவில்லை, அது அவருடைய மானமும்கூட. கொடுத்த முன்பணத்தில் திரும்பாததை ஆளுக்குப் பாதியாக ஏற்றுக்கொண்டோம். அம்மா சில வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. "ஏம்மா, இவ்வளவு நல்ல மனுஷனை..." என்று ஆரம்பித்து நிறுத்திவிடுவார். நான் வாதாடவில்லை. அவர் வருத்தமும் நியாயமானதுதான்.

பிரிந்த மறுநாளிலிருந்தே நண்பர்களாக இருப்போம் என்று பேசிக்கொண்டோம், அது நடக்கவில்லை. தினமும் பேசிப் பழகியவரிடம் பேசாமல் இருப்பது நான் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வலித்தது. வேட்கை இல்லாத உறவு என்பதால் பிரிவும் லேசாக இருக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். சரியான முடிவு என்று தெரிந்தும் ஃபோனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். அதைப் பார்த்து, தப்பு செய்துவிட்டோமோ என்று குழம்பித் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏக்கம் வருவது வேறு, முடிவு தவறாக இருப்பது வேறு. ஒரு நல்ல இடைவெளி விட்டு, அவரே ஒருநாள் அழைத்தார். இப்போது எப்போதாவது பேசிக்கொள்கிறோம். அவர் நீச்சலை விடவில்லையாம்.